நிலக்காட்சிப் படத்தின் குறியை வரைபடத்தில் எங்கே வைப்பது? அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு பூவை நெருங்கி எடுத்த படத்துக்கு இடம் குறிப்பதில் தகராறு எதுவும் இல்லை. பூவும் கேமராவும் ஒரே இடத்தில்தான் இருந்தன. நிலக்காட்சிப் படம் அப்படியல்ல. நின்ற இடம் ஒன்று, பார்த்த இடம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருக்கலாம், ஒரு நாட்டின் எல்லைகூட இருக்கலாம். ஆகவே குறி தவறான இடத்தில் விழுந்திருப்பதாகத் தோன்றினால், எண்களில் பிழை நேர்ந்திருக்கிறதா, அல்லது எண்கள் சரியாகவே இருந்து எந்த இடத்தைக் குறிப்பது என்பதில்தான் குழப்பமா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். எண் பிழைக்கு ஒரே விடைதான் உண்டு, சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மற்றதற்கு யோசனை தேவை. அதனால் எண் சார்ந்த அறிகுறிகளை முன்னால் வைத்திருக்கிறேன். எதைத் திருத்துவதாக இருந்தாலும் மூலக் கோப்பைத் தொடாமல் அதன் நகலில் திருத்துங்கள்.

அறிகுறி: குறி நடுக்கடலில் அல்லது வேறு கண்டத்தில் விழுகிறது

இது பார்ப்பதற்குப் பெரிய பிழை, தீர்ப்பதற்கு எளிய பிழை. கஞ்சன்ஜங்கா சிகரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இருப்பிடம் ஏறத்தாழ வடக்கு 27 டிகிரி 42 நிமிடம், கிழக்கு 88 டிகிரி 9 நிமிடம். வடக்கு என்ற எழுத்து தெற்காக மாறினால் குறி இந்தியப் பெருங்கடலுக்குள் போய் விழும். கிழக்கு மேற்காக மாறினால் மெக்சிகோ வளைகுடாவில் மிதக்கும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிப்போனால் வடதுருவத்துக்குச் சுமார் 200 கிலோமீட்டர் அருகே, ஆர்க்டிக் பெருங்கடலில் இமயமலை எழும்பி நிற்கும். தீர்க்கரேகை 90 டிகிரிக்கு மேல் இருந்திருந்தால் மென்பொருளே 'இப்படி ஓர் அட்சரேகை கிடையாது' என்று மறுத்திருக்கும். 88 என்பதால் வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்கிறது.

எழுத்து மாறுவதற்குக் காரணம், கேமரா படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் எக்ஸிஃப் என்ற தரவில் எண்ணும் திசையும் தனித்தனிப் புலங்களில் பதிவாவதுதான். எண் எப்போதும் குறை அடையாளம் இல்லாமல் நேர்மதிப்பாகவே இருக்கும். அது தெற்கா மேற்கா என்பதை அருகிலுள்ள இன்னொரு புலம் சொல்லும். எண்ணை மட்டும் நகலெடுத்துத் திசையை விட்டுவிடும் கருவியால் வருவது இந்தக் கோளாறு. வரிசை மாறுவதற்குக் காரணம் வேறு. நாம் இணைய வரைபடத்திலிருந்து நகலெடுக்கும் எண்களில் பெரும்பாலும் அட்சரேகை முதலில் வரும். வரைபடத் தரவைச் சேமிக்கும் ஜியோஜேசன், கேஎம்எல் ஆகிய கோப்பு வடிவங்களிலோ தீர்க்கரேகைதான் முதலில் வரும்.

குறி ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் நிற்கிறதென்றால், பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்று பதிவாகியிருக்கிறது என்று பொருள். அங்கே திருத்துவதற்கு ஒன்றுமில்லை. இடமே பதிவாகவில்லை என்று எடுத்துக்கொண்டு கீழே பழைய படங்களுக்குச் சொல்லியிருக்கும் வழிக்குச் செல்லுங்கள்.

இவற்றைவிடத் தந்திரமான பிழை ஒன்று உண்டு. 27 டிகிரி 42 நிமிடத்தை 27.42 என்று தட்டச்சு செய்வது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் சரியான தசம எண் 27.70. இரண்டுக்கும் வித்தியாசம் 0.28 டிகிரி, அதாவது ஏறக்குறைய 31 கிலோமீட்டர். குறி கடலில் விழுவதில்லை. அதே மலைநாட்டில், நம்பும்படியான வேறொரு மலைச்சரிவில் நிற்கும். ஒரு தொகுப்பில் உள்ள எல்லா எண்களிலும் தசமப் புள்ளிக்கு அடுத்த இரண்டு இலக்கங்கள் 59ஐத் தாண்டவே இல்லையென்றால் இந்தப் பிழையைச் சந்தேகிக்கலாம்.

அறிகுறி: கைபேசியில் இடம் தெரிகிறது, பதிவேற்றிய பிறகு காணவில்லை

படம் எந்த வழியாகப் பயணித்தது என்று பாருங்கள். தகவல் பரிமாற்றச் செயலிகள் பலவும் படத்தைச் சுருக்கும்போது இடத் தகவலையும் நீக்கிவிடுகின்றன. ஆவணமாக அனுப்பினால் பெரும்பாலும் தப்பிக்கும். ஆண்ட்ராய்டு 10 முதல், தனியாக அனுமதி பெறாத செயலிக்குப் படத்தைக் கொடுக்கும்போது இயங்குதளமே இடத்தை மறைத்துவிட்டுக் கொடுக்கிறது. எனவே கோப்பைக் கணினிக்கு நேரடியாக மாற்றி, அங்கிருந்து பதிவேற்றிப் பார்த்துவிட்டுத்தான் கேமராவைக் குறை சொல்ல வேண்டும்.

அறிகுறி: குறி சில நூறு மீட்டர் தள்ளி நிற்கிறது

முன்னும் பின்னும் எடுத்த படங்களின் எண்களை ஒப்பிடுங்கள். கால் மணி நேரம் நடந்துகொண்டே எடுத்த ஐந்து படங்களுக்கும் கடைசி இலக்கம் வரை ஒரே எண் இருந்தால், கருவி புதிதாக எதையும் அளக்கவில்லை. கடைசியாகத் தெரிந்த இடத்தையே ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கிறது. வண்டியை விட்டு இறங்கியதும் எடுக்கும் முதல் படத்தில் இது அடிக்கடி நேரும். 2016இல் வெளிவந்த எக்ஸிஃப் 2.31 பதிப்பு முதல் கிடைமட்டப் பிழை என்ற புலம் ஒன்றும் உண்டு. உங்கள் கருவி அதை நிரப்பியிருந்தால் அதைப் பாருங்கள். அதில் 5 அல்லது 10 மீட்டர் என்றிருந்தால் நம்பலாம். ஆயிரத்துக்கு மேல் என்றிருந்தால் கருவி செயற்கைக்கோளைப் பார்க்காமல் கைபேசிக் கோபுரத்தை வைத்து ஊகித்திருக்கிறது.

செங்குத்தான பாறைச்சுவரின் அடியில் நின்று எடுத்த படங்கள் தனி வகை. செயற்கைக்கோள் சமிக்ஞை பாறையில் மோதித் திரும்பி வருவதால், கருவி நம்மைப் பாறைக்குள்ளேயோ ஆற்றின் மறுகரையிலேயோ நிறுத்திவிடும். நிலக்காட்சி எடுப்பவர்கள் விரும்பிப் போய் நிற்கும் இடம் அதுதான் என்பது வேடிக்கை. அருகருகே எடுத்த பல படங்களின் குறிகளில் தனித்து ஓடும் ஒன்றை மட்டும் விலக்கிவிட்டு, மற்றவற்றை வைத்துக் கையால் இடம் குறிப்பது நல்லது.

எல்லாப் படங்களும் ஒரே திசையில், ஒரே அளவு நகர்ந்திருந்தால் கருவியைச் சந்தேகிக்காமல் வரைபடத்தைச் சந்தேகியுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எதை அடிப்படையாக வைத்து அளப்பது என்ற வரையறைக்கு ஆதாரம் என்று பெயர். ஜிபிஎஸ் கருவி தரும் எண்கள் டபிள்யூஜிஎஸ் 84 என்ற ஆதாரத்தில் அமைந்தவை. பழைய தாள் வரைபடங்கள் அந்தந்த நாட்டின் பழைய ஆதாரத்தில் அமைந்தவை. ஜப்பான் 2002இல்தான் தன் பழைய டோக்கியோ ஆதாரத்தைக் கைவிட்டது. டோக்கியோ நகரில் இரண்டுக்குமான வேறுபாடு 400 மீட்டருக்கு மேல். சீனாவில் வெளியாகும் இணைய வரைபடங்கள் ஜிசிஜே-02 என்ற முறையில் வேண்டுமென்றே நகர்த்தப்பட்டவை, அங்கும் நகர்வு சில நூறு மீட்டர் வரும். இத்தகைய வரைபடத்திலிருந்து எண்ணை எடுத்தீர்கள் என்றால் உரிய மாற்றியில் மாற்றிக்கொள்ள வேண்டும். கண்மதிப்பாகக் குறியை இழுத்துத் திருத்தினால் அடுத்த படத்தில் பிழை மீண்டும் வரும்.

அறிகுறி: பயணத்தின் படங்கள் அனைத்தும் பாதையின் மேலேயே முன்னோ பின்னோ தள்ளிப் போயிருக்கின்றன

ஜிபிஎஸ் இல்லாத கேமராவில் படம் எடுத்து, தனியாகப் பதிவுசெய்த பாதைக் கோப்போடு நேரத்தை வைத்துப் பொருத்தியவர்களுக்கு வரும் அறிகுறி இது. குறிகள் எல்லாம் சாலையிலோ நடைபாதையிலோ ஒழுங்காக அமர்ந்திருப்பதால் பிழை என்றே தெரியாது. ஏரிக்கரைப் படம் ஏரிக்கு ஒரு வளைவு முன்னால் நிற்கும்போதுதான் உறைக்கும். பாதைக் கோப்பு உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, கேமராவின் கடிகாரம் நாம் எப்போதோ வைத்த நேரத்தில் ஓடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றிருந்தால் கடிகாரத்தின் ஒரு நிமிடப் பிழை பாதையில் ஒரு கிலோமீட்டர் பிழையாகிவிடும். நேர மண்டலம் தவறியிருந்தால் பிழை முழு மணி, அரை மணி அல்லது கால் மணிக் கணக்கில் இருக்கும். கடிகாரம் மெல்ல நகர்ந்திருந்தால் 2 நிமிடம் 40 விநாடி என்பது போல ஒழுங்கற்று இருக்கும். எது நேர்ந்தது என்பதை இந்த வித்தியாசமே காட்டிக்கொடுக்கும்.

திருத்தும்போது ஓர் எச்சரிக்கை. கேமரா முந்தி ஓடுகிறதா பிந்தி ஓடுகிறதா என்பதில் கூட்டல் கழித்தல் மாறிப்போனால் பிழை இரட்டிப்பாகும். நான் பலமுறை இப்படி மாட்டிக்கொண்ட பிறகு, பயணம் தொடங்கும்போதே கைபேசியின் கடிகாரத்தை விநாடியோடு கேமராவில் ஒரு படம் எடுத்துவைக்கும் வழக்கத்துக்கு வந்தேன். அந்தப் படத்தில் தெரியும் நேரத்தையும் அதன் கோப்பில் பதிவான நேரத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று சந்தேகமின்றித் தெரியும்.

அறிகுறி: எண்கள் சரி, ஆனால் 'அந்த மலை அங்கே இல்லையே' என்கிறார்கள்

இனி வருவதுதான் உண்மையான சிக்கல். டார்ஜிலிங்கை ஒட்டிய டைகர் குன்றில் விடியற்காலையில் நின்று எடுத்த கஞ்சன்ஜங்காவின் படத்தை வைத்துக்கொள்வோம். கேமரா நின்றது மேற்கு வங்கத்தில். படத்தை நிறைத்து நிற்கும் சிகரமோ அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே, சிக்கிமும் நேபாளமும் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. டைகர் குன்றில் குறி வைத்தால், வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர் மலையைக் காணாமல் திகைப்பார். சிகரத்தில் வைத்தால், அந்தக் காட்சி எங்கிருந்து கிடைக்கும் என்று தேடி வருபவர் 8,586 மீட்டர் உயரத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு குறிக்குத்தான் இடம் உண்டு என்றால் அதைக் கேமரா நின்ற இடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் முடிவு. கேமரா நின்ற இடம் நடந்த ஒன்று, அளக்கக்கூடியது, அதில் இரண்டு கருத்துக்கு வழியில்லை. படத்தின் பொருள் எது என்பதோ நம் கருத்து. மேற்சொன்ன படத்தையே ஒருவர் சிகரத்தின் படம் என்பார்; இன்னொருவர் கீழே பரவியிருக்கும் மேகக் கடலின் படம் என்பார்; தாவரவியல் படித்த ஒருவர் முன்னணியில் இருக்கும் மரங்களின் படம் என்று சொல்லிவிட்டுப் போவார்.

இன்னொரு காரணத்தை நான் என் செலவில் கற்றுக்கொண்டேன். தொடக்க ஆண்டுகளில் ஓர் ஏரியைச் சுற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்து, அத்தனைக்கும் ஏரியின் நட்டநடுவில் குறி வைத்தேன். அப்போது அது ஒழுங்காகத் தெரிந்தது. சில ஆண்டுகள் கழித்து, நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்காக அதே இடங்களில் நின்று மறுபடி எடுக்க நினைத்தபோது, எந்தப் படத்தை எந்தக் கரையில் நின்று எடுத்தேன் என்று ஒன்றுகூட நினைவில்லை. கேமரா நின்ற இடமும் திசையும் தெரிந்தால் எதைப் பார்த்தோம் என்பதை வரைபடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். பார்த்த பொருள் மட்டும் தெரிந்தால் அதைப் பார்க்கக்கூடிய ஆயிரம் இடங்களில் எதில் நின்றோம் என்பது கிடைக்காது. ஏரியின் எண்ணை நான் பதிவே செய்யாமல் விட்டிருந்தாலும் நட்டமில்லை, ஏரி எங்கும் போய்விடவில்லை.

இரண்டு குறிக்கு இடம் இருக்கும்போது இரண்டையும் நிரப்புங்கள். அதற்கான வசதி பல இடங்களில் உண்டு, பலர் கவனிப்பதில்லை. எக்ஸிஃபில் கேமராவின் ஆயத்தொலைவுக்கு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களுக்கு) ஒரு தொகுதியும், இலக்கின் ஆயத்தொலைவுக்கு இன்னொரு தொகுதியும் இருக்கின்றன. படத்தின் விளக்கத்தைக் கோப்பில் எழுதும் இன்னொரு முறையான ஐபிடிசி தரவில் 'எடுக்கப்பட்ட இடம்', 'காட்டப்படும் இடம்' என்று இரு புலங்கள் உள்ளன. கட்டற்ற படங்களின் இணையத் தொகுப்பான விக்கிமீடியா பொதுவகத்தில் கேமராவின் இருப்பிடத்துக்கு ஒரு வார்ப்புருவும் பொருளின் இருப்பிடத்துக்கு வேறொரு வார்ப்புருவும் தனித்தனியாக உள்ளன. நீங்கள் படம் சேர்க்கும் தொகுப்புக்கென்று ஒரு விதி இருந்தால் அதற்கு முன் என் முடிவு செல்லாது. பிரிட்டனையும் அயர்லாந்தையும் ஒரு கிலோமீட்டர் சதுரங்களாகப் பகுத்து 2005 முதல் படம் திரட்டும் ஜியோகிராஃப் திட்டத்தில், படம் எந்தச் சதுரத்தைச் சேரும் என்பதைப் பொருளின் இடம்தான் தீர்மானிக்கிறது. கேமராவின் இடம் உடன் பதியும் தகவல். ஒவ்வொரு சதுரத்திலும் என்ன இருக்கிறது என்று காட்டுவது அவர்கள் நோக்கம் என்பதால் அவர்களுக்கு அதுவே பொருத்தம்.

கேமராவின் இடத்தைக் குறிக்கும்போது திசையையும் சேர்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். குறியிலிருந்து வடக்கு நோக்கி ஓர் அம்பு நீண்டால், மலை எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கைபேசியின் திசைகாட்டி காந்தத்தால் இயங்குவது. காந்த முக்காலித் தலை, கார்க் கதவு, இரும்புக் கைப்பிடிச் சுவர் எல்லாமே அதைத் திருப்பிவிடும். எக்ஸிஃப் புலம் உண்மை வடக்கா காந்த வடக்கா என்பதை ஓர் எழுத்தில் பதிவு செய்கிறது, அதையும் பாருங்கள். 80 கிலோமீட்டர் தொலைவில் ஒரு டிகிரி பிழை என்பது 1.4 கிலோமீட்டர் விலகல். அருகருகே சிகரங்கள் இருந்தால் அம்பு பக்கத்துச் சிகரத்தைத் தொட்டுவிடும். வரைபடத்தில் கேமராவையும் சிகரத்தையும் கோட்டால் இணைத்து அதன் கோணத்தை அளந்து எழுதுவதே நம்பகமான வழி.

இந்தத் தலைப்பில் கடைசியாக ஒரு பொறி. படத் தொகுப்பு மென்பொருள்களின் வரைபடப் பகுதியில் படத்தை இழுத்துச் சிகரத்தின்மேல் போட்டால், பல மென்பொருள்கள் கேமராவின் ஆயத்தொலைவைத்தான் அழித்து எழுதுகின்றன. நல்லெண்ணத்தோடு 'திருத்தியவர்' கையால் உண்மையான இடம் தொலைந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். படத்தில் பனிச்சிகரம் தொலைவில் தெரிய, குறி அதன் உச்சிப் புள்ளியில் அச்சுப் பிசகாமல் நின்றால், அது கருவி அளந்த எண் அல்ல, யாரோ இழுத்துப் போட்டது என்று நிச்சயமாகச் சொல்லலாம். மூலக் கோப்பிலிருந்து எண்ணை மீட்டெடுங்கள்.

அறிகுறி: பொருளுக்கு ஒரே புள்ளி கிடைக்கவில்லை

சிகரத்துக்கு உச்சி உண்டு. பள்ளத்தாக்குக்கும் கடற்கரைக்கும் ஆற்றுக்கும் மலைத்தொடருக்கும் அப்படி எதுவும் இல்லை. கலைக்களஞ்சியத்தில் அந்த ஆற்றுக்கென்று கொடுத்திருக்கும் எண்ணை எடுத்து ஒட்டுவது வழக்கத்தில் உள்ள தவறு. அது ஆற்றின் முகத்துவாரமாக இருக்கும், படத்தில் இருப்பது அங்கிருந்து நூறு கிலோமீட்டர் மேலே ஒரு வளைவாக இருக்கும். படத்தில் உண்மையிலேயே தெரியும் பகுதியின் எல்லையை வரைபடத்தில் கண்டு, அதற்குள் பெயர் சொல்லக்கூடிய ஒன்றை, ஒரு வளைவையோ முனையையோ கணவாயையோ பாலத்தையோ பொருளின் புள்ளியாகக் கொள்ளுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பொருளுக்கான புலத்தைக் காலியாக விட்டுவிட்டு, கேமராவின் இடம், திசை, லென்ஸின் குவியத் தூரம் மூன்றையும் சரியாக எழுதுங்கள். முழுச்சட்ட கேமராவில் (படம் விழும் உணரி 36 மில்லிமீட்டர் அகலமுள்ளது) 24 மில்லிமீட்டர் லென்ஸ் கிடைமட்டமாகச் சுமார் 74 டிகிரியையும், 200 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 10 டிகிரியையும் காட்டும். இந்தக் கோணத்தை ஆப்பு வடிவில் வரைபடத்தின்மேல் வரைந்தாலே எது தெரிந்தது என்பது விளங்கிவிடும்.

எத்தனை தசம இலக்கம் எழுதுவது என்பதும் இங்கேதான் வருகிறது. அட்சரேகையில் மூன்றாவது தசம இலக்கம் சுமார் 111 மீட்டர், ஐந்தாவது ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும். ஒரு பள்ளத்தாக்கின் இடத்தை ஆறு இலக்கத்தில் எழுதுவது, ஒரு காட்டின் எடையைக் கிராமில் சொல்வது போன்றது. அதற்கு இரண்டு இலக்கம் தாராளம்.

அறிகுறி: குறி சரி, தானாகத் தோன்றும் ஊர்ப்பெயர் தவறு

எண்ணைப் பெயராக மாற்றும் சேவை, குறி விழும் நிர்வாக எல்லையின் பெயரையோ அருகில் பதிவாகியிருக்கும் பெயரையோ எடுத்துப் போடுகிறது. மலைமுகட்டில் நின்றால் சில மீட்டரில் மாவட்டமே மாறிவிடும். பெயர் சரியாக வர வேண்டும் என்பதற்காகக் குறியை நகர்த்தக் கூடாது. குறியை அப்படியே விட்டுவிட்டுப் பெயர்ப் புலத்தைக் கையால் திருத்துங்கள்.

அறிகுறி: வானிலிருந்து எடுத்த படம், அல்லது பல படங்களை ஒட்டிய அகலக்காட்சி

டிரோன் படத்தில் பதிவாவது டிரோன் இருந்த இடம். அதை இயக்கியவர் நின்ற இடம் அல்ல. அதுவே சரியானது, திருத்த வேண்டாம். ஆனால் உயரத்தைச் சரிபாருங்கள்: சில கருவிகள் கடல்மட்டத்திலிருந்தும் சில கிளம்பிய இடத்திலிருந்தும் கணக்கிடுகின்றன.

பயணிகள் விமானத்தின் ஜன்னல் வழியே எடுத்த படத்தில் மட்டும் நான் என் விதியை மீறுகிறேன். 10 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, கிடைமட்டத்துக்கு 30 டிகிரி கீழே பார்த்தால் கண்ணில் படும் நிலம் விமானத்தின் நேர்க்கீழே இருக்கும் புள்ளியிலிருந்து 17 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த நேர்க்கீழ்ப் புள்ளியில் குறி வைப்பதால் யாருக்கும் பயனில்லை, மறுபடி போய் அங்கே நிற்கப்போவதும் யாருமில்லை. ஆகவே படத்தின் நடுவில் அடையாளம் தெரியும் ஆற்று வளைவையோ தீவையோ குறியுங்கள். அது பொருளின் இடம் என்று விளக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஒட்டிய அகலக்காட்சியில் மென்பொருள் இடத்தை முற்றிலும் கைவிட்டிருக்கலாம், அல்லது முதல் படத்தின் எண்ணை எடுத்திருக்கலாம். ஒரே இடத்தில் நின்று சுழன்று எடுத்திருந்தால் இரண்டாவதால் கேடு இல்லை. திசையை மட்டும் ஒட்டிய படத்தின் நடுப்பகுதிக்கு மாற்றி எழுத வேண்டும், முதல் படத்தின் திசை இங்கே செல்லாது.

அறிகுறி: இடம் சரியாக இருப்பதே தொல்லையாகிறது

பறவைக் கூடு, அரிய ஆர்க்கிட், ஒருவர் வீட்டு மாடியிலிருந்து எடுத்த காட்சி ஆகியவற்றில் துல்லியம் தீங்கு செய்யும். எண்ணை இரண்டு தசம இலக்கத்துக்குச் சுருக்கி, சுருக்கியிருப்பதைச் சொல்லிவிடுங்கள். வேறெங்கோ பொய்யாக நகர்த்தி வைக்க வேண்டாம், பின்னால் வருபவர் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வார். இணையப் பக்கத்தில் சுருக்கிவிட்டுக் கோப்பினுள் முழு எண்ணை அப்படியே விட்டுவிடுவது பலரும் செய்யும் பிழை. பதிவிறக்கிய ஒருவருக்கு எல்லாம் கிடைத்துவிடும்.

அறிகுறி: பழைய படம், எந்த எண்ணும் இல்லை

வருடிய (ஸ்கேன் செய்த) படத்திலும் பழைய கேமராவின் கோப்பிலும் இடத்தைப் படத்திலிருந்தே பறித்தெடுக்க வேண்டும். இதற்கு நேர்கோட்டு முறையைப் போல நம்பகமானது வேறில்லை. படத்தில் தொலைவில் உள்ள ஒன்றும் அருகில் உள்ள ஒன்றும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் இடத்தைத் தேடுங்கள். நீர்த்தொட்டியின் இடது விளிம்பு, பின்னாலிருக்கும் மலைமுகட்டின் பள்ளத்தைச் சரியாகத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் அந்தப் பள்ளத்திலிருந்து நீர்த்தொட்டியின் விளிம்பு வழியாக ஒரு கோடு இழுத்து நம் பக்கமாக நீட்டினால், கேமரா அந்தக் கோட்டின்மேல் எங்கோ நின்றது உறுதி. படத்தின் மறுபக்கத்தில் இன்னொரு ஜோடியைக் கண்டு, மின்கம்பமும் தொலைவில் ஒரு கோபுரமும் என்றால் அவற்றுக்கும் ஒரு கோடு இழுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளி கேமராவின் இடம். மூன்றாவது ஜோடி கிடைத்தால் சரிபார்க்க உதவும். ஒரே பக்கத்திலுள்ள இரு ஜோடிகளை எடுத்தால் கோடுகள் ஏறக்குறைய இணையாக ஓடி, வெட்டும் புள்ளி ஒரு மில்லிமீட்டர் பிசகுக்கும் வெகுதூரம் ஓடிவிடும். ஆகவே படத்தின் இரு ஓரங்களிலிருந்தும் எடுப்பது முக்கியம்.

இந்த முறை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு கணக்கு. 30 மீட்டர் தொலைவில் ஒரு கம்பம் இருக்க, நாம் பக்கவாட்டில் ஒரு மீட்டர் நகர்ந்தால் கம்பம் தொலைதூர மலைக்கு எதிரே ஏறத்தாழ 1.9 டிகிரி நகரும். 24 மில்லிமீட்டர் லென்ஸில், 6,000 பிக்சல் அகலமுள்ள படத்தின் நடுப்பகுதியில் அது சுமார் 130 பிக்சல். வெறும் கண்ணுக்கே தெரியும். களத்துக்கு நேரில் போக முடிந்தால் பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கம்பம் பள்ளத்தில் பொருந்தும் வரை இடமும் வலமும் நகர்ந்தால் போதும்.

அருகில் எதுவும் இல்லாமல் தொலைவு மலைகள் மட்டுமே இருந்தால் தூரத்தைக் கணக்கிடலாம். இரு சிகரங்களின் இடைவெளியைக் குவியத் தூரத்தால் பெருக்கி, உணரியின்மேல் அவற்றின் இடைவெளியால் வகுக்க வேண்டும். 2 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரு சிகரங்கள் 200 மில்லிமீட்டர் லென்ஸில், 36 மில்லிமீட்டர் அகல உணரியின் பாதியை, அதாவது 18 மில்லிமீட்டரை அடைத்தால், தூரம் சுமார் 22 கிலோமீட்டர். சிகரங்களை இணைக்கும் கோடு நம் பார்வைக்குக் குறுக்காக இருந்தால்தான் இது பொருந்தும். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இருந்தால் ஏமாற்றும். பிறகு வெட்டிச் சுருக்கிய படத்திலும் இந்தக் கணக்கு செல்லாது.

கேமராவின் இடத்தில் சிறு பிழை எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டெஸ், நியூ மெக்சிகோ' படம் சாட்சி. அவர் தேதியைக் குறித்துவைக்கவில்லை. பின்னாளில் வேறுவேறு ஆண்டுகளைச் சொன்னார். வானில் நிலவின் இடத்தைக் கொண்டு வானியலாளர் டேவிட் எல்மோர் அதை 1941 அக்டோபர் 31 என்று கணக்கிட்டார். பின்னர் டெனிஸ் டி சிக்கோ என்ற வானியல் ஆர்வலர் மறுபடி கணக்கிட்டபோது அது நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று வந்தது. எல்மோரும் அதை ஏற்றுக்கொண்டார். முதல் கணக்குத் தவறியதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, கேமராவின் இடத்துக்குத் தவறான ஆயத்தொலைவைப் பயன்படுத்தியது. நிலவு நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து எழுவதால், அடுத்தடுத்த இரு மாலைகளில் முக்கால் மணி நேர வித்தியாசத்தில் அது கிட்டத்தட்ட அதே மூலையில் வந்து நிற்கும். எந்த மாலை என்பதைப் பிரித்துச் சொல்வது நிலவின் இடத்தில் எஞ்சும் சிறிய வேறுபாடுதான்.

இவ்வளவும் செய்த பிறகும் இரண்டு மூன்று இடங்கள் பொருந்துவதாகவே தோன்றினால், அவற்றின் நடுவில் ஒரு குறியைப் போட்டுவிடாதீர்கள். அந்த நடுப்புள்ளியில் கேமரா நின்றிருக்க வாய்ப்பே இல்லாமலும் போகலாம். மிகவும் பொருந்துவதைத் தேர்ந்து, 'கேமராவின் இடம். மலைமுகட்டையும் கம்பத்தையும் கொண்டு கணித்தது. பிழை 200 மீட்டர் வரை இருக்கலாம்' என்று விளக்கத்தில் எழுதுங்கள். எந்தப் பள்ளத்தாக்கு என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லையென்றால் பெயரை மட்டும் எழுதிவிட்டு, ஆயத்தொலைவுப் புலத்தைக் காலியாக விடுங்கள்.